அச்சம் என்னும் மெய்ப்பாடு

நமது புதுக்கவிதையில் பயத்துக்குக் குறைவில்லை. இருட்டு, சுவர், மூடிய கதவு, பின்தொடரும் காலடி, முகம் காட்டாத கண்ணாடி என்று இந்த அறுபது வருஷங்களில் சேர்ந்துவிட்ட படிமங்களைத் தொகுத்தால் தனி அகராதியே போடலாம். ஆனால் இந்தக் கவிதைகளில் பயப்படுகிறவன் எதைக் கண்டு பயப்படுகிறான் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. கேட்பதே ரசனைக் குறைவு என்று கருதப்படுகிறது. இருப்பே பயங்கரமானது, அதற்கு வேறு காரணமும் வேண்டுமா என்பார்கள். இன்னொரு பக்கம் மேடையும் கவியரங்கும் வளர்த்த கவிதை. அங்கே யாருக்கும் எதற்கும் பயமில்லை. சூரியனைப் பறிக்கிறார்கள், சிறையை வரவேற்கிறார்கள், மரணத்தை விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே வளர்ந்தவை. என் எண்ணத்தில் இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. எதற்கு அஞ்சுகிறோம் என்று பெயர் சொல்லாமல் தப்பித்துக்கொள்கின்றன.

சுட்டிக்காட்டக்கூடிய பயம் ஒன்று, பொருளற்ற பதற்றம் வேறொன்று என்று பிரித்தவர் கீர்க்கேகார். 1844-ல் வந்த அவருடைய புத்தகம் அந்தப் பதற்றத்தை மனித சுதந்திரத்தோடு சம்பந்தப்படுத்திற்று. 1927-ல் ஹைடெக்கர் அதே பிரிவினையை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார். இது பெரிய சிந்தனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் நீண்ட வழி நடந்து அந்த முடிவுக்கு வந்தார்கள். நாம் முடிவை மட்டும் வாங்கிக்கொண்டோம். வாங்கிய இடத்தில் அது ஒரு சௌகரியமாக மாறிவிட்டது. காரணமில்லாத பயத்துக்கு யாரும் பொறுப்பில்லை. அதை எழுதுகிறவனை யாரும் கூப்பிட்டு விசாரிக்கப்போவதில்லை. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நீடித்த நெருக்கடி நிலையை நினைத்துக்கொண்டால் நான் சொல்வது விளங்கும். பத்திரிகைத் தணிக்கை இருந்தது; விசாரணையில்லாச் சிறை இருந்தது. பயம் என்பது அப்போது வீதியில் நடமாடிய ஸ்தூலமான வஸ்து. வெறுமையைப் பற்றிய கவிதைக்கு அப்போதும் ஆபத்து ஏதும் நேர்ந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு பழைய பட்டியலை நினைவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் தருகிறார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நவீனர்கள் இதைப் பண்டிதர்களுக்கு விட்டார்கள். பண்டிதர்கள் மாணவர்களின் மனப்பாடத்துக்கு விட்டார்கள். எனக்கு இதில் மூன்று விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, மெய்ப்பாடு என்ற சொல்லே. உள்ளே நிகழ்வது உடம்பில் புலப்படவேண்டும். நா உலரவேண்டும், கால் எழாமல் நிற்கவேண்டும். உடம்பில் தெரியாத அச்சம் இந்தக் கணக்கில் சேராது. இரண்டாவது, அச்சத்துக்கு ஊற்று உண்டு, அதை எண்ணிச் சொல்லிவிடலாம் என்ற நிலைப்பாடு. மூன்றாவது, நான்காவது ஊற்றுக்கு முன்னால் நிற்கும் 'தம்' என்ற சிறு சொல். பகைவனின் அரசன் என்று அவர் சொல்லவில்லை. தம்முடைய இறை என்கிறார். குறளும் அச்சத்தைப் பற்றித் தன் முக்கியமான கருத்தை அறிவுடைமை அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறது. அஞ்சத்தக்கது எது என்று இனம் காண்பது அறிவின் தொழில் என்பது அதன் கட்சி.

பட்டியலைப் பட்டியலாகவே பேசிக்கொண்டிருந்தால் நானும் பண்டிதன் ஆகிவிடுவேன். அதை ஒரு நிலத்தின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். இராமநாதபுரம் கடற்கரையை, குறிப்பாக மண்டபத்திலிருந்து பாம்பன், இராமேஸ்வரம் வழியாக அரிச்சல்முனை வரைக்குமான கரையை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சிறு துண்டு நிலத்தில் நான்கு ஊற்றுகளும் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று இடம் மாறிக்கொண்டும் இருக்கின்றன.

அணங்கில் தொடங்கலாம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்கச் சாவடி, தலைமன்னாருக்குக் கப்பல் என்று இயங்கிக்கொண்டிருந்த ஊர். பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி 100-க்கு மேற்பட்டவர்களுடன் ஊரை நெருங்கும்போது அலையில் போயிற்று. பின்னர் அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. இன்று தனுஷ்கோடி நமக்கு என்னவாக இருக்கிறது? இடிந்த தேவாலயத்தின் புகைப்படமாக இருக்கிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு பேருந்தும் காரும் போகின்றன. அந்தச் சுவர்களுக்கு முன் நின்று மக்கள் படம் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதில் தவறொன்றும் இல்லை. என் வழக்கு அவர்களோடு அல்ல. அதே படத்தைக் கவிதையில் எடுக்கும் நம்மவர்களோடு. சிதிலம், மணல், காலம், மௌனம் என்று நான்கு சொற்களை வைத்துத் தனுஷ்கோடியைப் பற்றி எழுதிவிட முடிகிறது. அந்த இரவின் அச்சத்தை முழுதாகக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் அழகை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசைகளில் மீனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சிதிலம் அல்ல, கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று திரும்பும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரு கேள்வி.

அந்தக் கேள்விக்கு இக்கரையில் ஒரு மொழி இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். 1-லிருந்து 11 வரை எண்கள். முதல் இரண்டும் தூரத்துப் புயலைச் சொல்கின்றன. 3-ம் 4-ம் இந்தத் துறைமுகத்துக்கான எச்சரிக்கை. 5-லிருந்து அபாயம், 8-லிருந்து பெரும் அபாயம். 10-ஆம் எண் என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகே வருகிறது. 11 அதைவிடப் பெரிய புயல் இல்லை. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். இதைவிடத் துல்லியமான விமர்சன வாக்கியத்தை நான் படித்ததில்லை. அச்சத்தின் உச்சம் பேரலை அல்ல, சேதி நின்றுபோவது. அச்சத்தைச் சொல்லும் வழி இருக்கும்வரை 10-ஆம் எண்ணோடும் ஏதாவது செய்யலாம். படகை மேட்டில் ஏற்றலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அனுப்பலாம். சொல்லே அறுந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது விலங்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கும் வேலை. பாறையும் திருக்கையும் சொறி மீனும் அவர்களுக்குப் பழகிய பயங்கள். 1986-ல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் கடல் அட்டை பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஆயிற்று. அன்றிலிருந்து மடியில் இருக்கும் உயிரைவிட அது மடியில் இருப்பதைப் பார்க்கும் கண் பெரிய பயம். கடலின் உயிர்களைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே முங்கும் பெண்களும் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நான் கவனிக்கச் சொல்வது அச்சத்தின் இடமாற்றத்தை. விலங்கு என்ற இரண்டாம் ஊற்று சத்தமில்லாமல் தம் இறை என்ற நான்காம் ஊற்றுக்குள் போய்விட்டது. இதைச் சூழலியல் அறிக்கை ஒருவேளை எழுதிவிடும். முங்கும்போது ஒரு காதைத் தண்ணீருக்கும் இன்னொரு காதைப் படகுச் சத்தத்துக்கும் கொடுத்திருக்கும் உடம்பை யார் எழுதுவது? அது மெய்ப்பாடு. அது இலக்கியத்தின் வேலை.

கள்வர் என்ற சொல்லுக்கு வரும்போது விஷயம் கஷ்டமாகிறது. கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போயிற்று. 1976-ல் எல்லைக்கோடும் மீன்பிடி உரிமையும் மேலும் இறுகின. இராமேஸ்வரத்து மீனவனை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது, படகைப் பறிக்கிறது. சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. இதைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட கவிதைகள் ஏராளம். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கவிதைகளில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் மீனவன் எங்கே என்று தேடிப் பார்த்திருக்கிறேன். அகப்படுவதில்லை. 1983 முதல் 2009 வரை போர் அவனைக் கடலுக்கு விடவில்லை. போர் முடிந்து, கடனை வாங்கி வலையை வாங்கி அவன் கடலுக்கு வந்தால், இரவில் நம் பக்கத்து விசைப்படகுகள் இழுவை மடியோடு வந்து அவன் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. அவனும் தமிழன்தான். அவனுடைய அச்சப் பட்டியலில் கள்வர் என்ற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை நாம் சொல்லத் தயாராக இல்லை. இலங்கை 2017-ல் இழுவை மடியைத் தடை செய்து 2018-ல் அயல்நாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைக் கடுமையாக்கியது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இவனுடைய முறையீடும் இருக்கிறது.

இந்தப் பக்கத்து மீனவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. இழுவைப் படகை அவன் கனவு கண்டு கொண்டுவரவில்லை. அரசு கொண்டுவந்தது, மானியம் கொடுத்தது, இறால் ஏற்றுமதி விலை கொடுத்தது. இன்று வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம். மிச்ச நாட்களில் டீசல் கடனையும், முன்பணம் தந்த வியாபாரியையும், கடற்படை ரோந்தையும், கரையில் காத்திருக்கும் வீட்டையும் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அவன் போகிறான். அவனைத் தியாகி என்றோ திருடன் என்றோ எழுதுவது மிகவும் சுலபம். இரண்டிலும் அவனுடைய பயம் காணாமல் போய்விடுகிறது.

ஒரு செய்தியைக் குறிப்பிட்டாகவேண்டும். 2010-லும் 2014-லும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். பிரச்னை தீரவில்லை. இருந்தாலும் என் வலை போயிற்று என்று ஒருவனும், நான் போகாவிட்டால் என் வீடு போகும் என்று இன்னொருவனும் ஒரே அறையில் சொன்னார்கள். சொன்னதைக் கேட்டார்கள். இலக்கியவாதிகளாகிய நாம் இந்த அறைக்குள் இன்னும் போகவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லத் தோன்றுகிறது.

இதே கரையில் வேறொரு சபை நடந்ததாகக் கம்பன் சொல்கிறான். வீடணன் அடைக்கலப் படலத்தைப் பக்தியின் வெற்றியாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில்தான் அந்த இடம் என்பது ஐதீகம். 1964 புயலில் அந்தக் கோயில் நின்றது. படலத்தைப் பயத்தின் கண்ணோடு படித்துப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான். பகைவனின் தம்பி. இராமன் உடனே கையை நீட்டிவிடுவதில்லை. கூட இருப்பவர்களைக் கேட்கிறான். சுக்கிரீவன் சந்தேகத்தைச் சொல்கிறான்; தமையனை விட்டு வந்தவனை எப்படி நம்புவது என்கிறான். இதைத் தமையனோடு போரிட்டவன் சொல்கிறான் என்பதைக் கவனிக்கவேண்டும். மற்றவர்களும் தங்கள் அச்சத்தை மறைக்கவில்லை. கடைசியில் அனுமன் வேறு கருத்தைச் சொல்கிறான். இவ்வளவுக்கும் பிறகுதான் அபயம் வருகிறது. அபயம் என்ற சொல்லுக்கே அச்சமின்மை என்றுதான் பொருள். அந்த அச்சமின்மை மேடையில் முழங்கிய அச்சமின்மை இல்லை. ஒவ்வொருவரும் தம் பயத்தை வாய்விட்டுச் சொல்லி, அதைச் சபை எடை போட்டபின் கிடைத்தது. வந்தவனுக்கு மட்டும் இல்லாமல், ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அது அபயம்.

இந்தக் கதையைச் சொல்லிப் பூரிக்கிற நாம் மண்டபம் முகாமை என்ன செய்தோம்? அது முதலில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நோய்க்குப் பயந்து நிறுத்திவைத்த இடம். 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின் திரும்பி வந்தவர்கள் இறங்கிய இடம். 1983-க்குப் பிறகு அகதிகளின் இடம். போகிறவன், திரும்புகிறவன், தப்பி வருகிறவன் மூவரையும் ஒரே மணலில் நிறுத்திப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். 1983-ல் அகதி நமக்குச் சகோதரன். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அதே ஆள் சந்தேகத்துக்குரியவன் ஆனான். பயம் அப்போது இயல்பானதுதான், சுக்கிரீவனுக்கும் இருந்தது. ஆனால் நம் சபையில் யாரும் அதைச் சொல்லி விவாதிக்கவில்லை. சொல்லாமல் விலகிக்கொண்டோம். 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் வழியில்லாமல் குழந்தைகளோடு படகேறியவர்களை அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். முன்னால் கடல், பின்னால் கடல். அபயம் என்ற சொல்லை அந்தத் திட்டில் நின்று உச்சரித்தால்தான் அதன் எடை தெரியும்.

அச்சத்தைப் பெயர் சொல்லி எழுதினால் கவிதை செய்தியாகிவிடும் என்று ஒரு மறுப்பு வரும். இந்த மறுப்பைச் சொல்பவர்கள் ஈழத்துக் கவிதையை மீண்டும் படிக்கவேண்டும். 1985-ல் 'மரணத்துள் வாழ்வோம்' வந்தது. 1986-ல் பெண்களின் கவிதைகளாகச் 'சொல்லாத சேதிகள்' வந்தது. அந்தத் தொகுப்புகளில் வரும் அச்சத்துக்குத் தெரு உண்டு, நேரம் உண்டு. வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்ற கணக்கு உண்டு. அவை செய்தியாகிவிடவில்லை. நமது இருட்டும் சுவரும்தான் இன்று பழைய செய்தித்தாள் மாதிரி இருக்கின்றன. எல்லாக் கவிதைகளும் சமமானவை என்று நான் சொல்லவில்லை. கோஷம் அங்கும் உண்டு. ஆனால் பயந்தேன் என்று தன்மை ஒருமையில் எழுத அவர்களுக்கு முடிந்திருக்கிறது. மேடைத் தமிழ் நமக்கு அனுமதிக்காத வினைமுற்று அது.

'தம்' என்ற அந்தச் சிறு சொல்லின் முழுக் கனமும் தெரிந்ததும் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் நால்வர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' வெளியிலிருந்து வந்த ராணுவங்களை எழுதிய அதே பேனாவால் உள்ளிருந்த துப்பாக்கிகளையும் எழுதிற்று. நால்வரில் ஒருவரான ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991-ல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. எதிரியின் அரசனுக்கு அஞ்சுவதை எழுதினால் கைதட்டுவார்கள். தம் இறைக்கு அஞ்சுவதை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இவர்கள் சாட்சி. நம் ஊரில் அவ்வளவு விலை இல்லை. நமது இறைகள் சிறியவை. ஒரு கட்சி, ஒரு சாதி, ஒரு விருதுக் குழு, ஒரு பதிப்பாளர், நாமே கட்டிக்கொண்ட இந்தச் சிற்றிதழ் வட்டம். இவ்வளவு குறைந்த விலையைக்கூடக் கொடுக்காமல் பிரபஞ்ச பயத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் புகார்.

பெயர் சொன்னால் பயம் போய்விடும் என்று யாரும் நினைத்துக்கொள்ளவேண்டாம். போகாது. 3-ஆம் எண் கூண்டு ஏற்றியதால் எந்தப் புயலும் திரும்பிப் போனதில்லை. கூண்டைப் பார்த்தவன் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது, அவ்வளவே. வாடையா கொண்டலா கச்சானா என்று காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் அதை அடக்குவதற்காக வைக்கவில்லை. எந்தக் காற்றில் எந்தத் திசைக்குப் படகைத் திருப்புவது என்று தெரிந்துகொள்ள வைத்தார்கள். அச்சத்தைக் கடப்பது என்று நாம் பெரிதாகப் பேசுவதற்கு அந்தக் கரையில் இதற்கு மேல் அர்த்தம் கிடையாது. பயத்தோடு, அதன் பெயர் தெரிந்து, தன் முறை நாளில் கடலுக்குப் போவது. போகக்கூடாத நாளில் பயந்தேன் என்று சொல்லிக் கரையில் நிற்பது. இரண்டாவதற்கு முதலாவதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருக்கிறது.

இனி அச்சத்தைப் பற்றி ஒரு கவிதை என் கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேட்பதாக இருக்கிறேன். இந்த அச்சம் நான்கில் எந்த ஊற்றிலிருந்து வருகிறது? யாருடைய உடம்பில், எந்த இடத்தில் தெரிகிறது? இதை எழுதுகிறவன் யாருக்கு எதிரே கள்வனாக நிற்கிறான்? மூன்றாவது கேள்விக்கு இடம் கொடுக்கிற கவிதை தமிழில் குறைவு. பாக் நீரிணைக்கு இரண்டு கரை இருக்கிறது. ஒரு கரையின் பயத்தை மட்டும் எழுதி நாம் நல்ல பெயர் வாங்கியாயிற்று. மற்றக் கரையின் பயத்தையும், அதில் நமக்குள்ள பங்கையும் எழுதுகிறவன் இந்தப் பக்கத்தில் வசவு வாங்குவான். அந்த வசவுக்கு அஞ்சுகிறோம் என்பதையாவது முதலில் ஒப்புக்கொள்வோம்.